சின்னஞ்சிறு கைகளும் அன்றாடப் பழக்கங்களும்

நடை பழகிய குழந்தை வீட்டில் எதைத் தேடிச் செல்கிறது என்பதைச் சிறிது கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். விலை கொடுத்து வாங்கிய பொம்மை மூலையில் கிடக்க, அக்குழந்தை தாயின் கையிலுள்ள கரண்டியையும், தரையைக் கூட்டும் விளக்குமாற்றையும், குளியலறையிலிருக்கும் சொம்பையுமே நாடுகிறது. பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்யவேண்டும் என்னும் அவா அதற்கு இயல்பாகவே அமைந்துள்ளது. உண்ணுதல், உடுத்தல், கை கழுவுதல், பல் துலக்குதல், தன் பொருளை அதன் இடத்தில் வைத்தல் ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் இந்த அவாவை அடித்தளமாகக் கொண்டே வளரவேண்டியவை. ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இவற்றைப் பழக்குவது எவ்வாறு என்பதை இங்கு காண்போம்.

சொந்த ஊரில், பாட்டியும் அத்தையும் சித்தியும் நிறைந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு இப்பயிற்சி எவரும் தனியே சொல்லித் தராமலே வந்து அமைந்துவிடும். பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும்போது பேத்தி அருகிலமர்ந்து கல் பொறுக்குவாள். மாமா கிணற்றடியில் குளிக்கும்போது மருமகன் தன் சிறு செம்பால் தன் தலையில் நீர் ஊற்றிக்கொள்வான். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்த நம் குடும்பங்களின் நிலை வேறு. பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 1809-ஆம் ஆண்டில் ராணுவத் தண்டு அமைந்த காலந்தொட்டு அல்சூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றி வாழ்கின்றன. அவர்களுக்கு உறவினர் துணை ஓரளவு உண்டு. ஆனால், அண்மைக் காலத்தில் வேலை நிமித்தம் வந்து குடியேறியவர்களின் வீடுகளிலோ பெரும்பாலும் கணவன், மனைவி, குழந்தை ஆகிய மூவர் அல்லது நால்வரே இருக்கின்றனர்.

இத்தகைய வீட்டில் காலை நேரம் எப்படிக் கழிகிறது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. பள்ளி வண்டி எட்டு மணிக்கு வாயிலில் வந்து நிற்கும். தந்தையும் தாயும் அலுவலகத்துக்குப் புறப்படவேண்டும். குழந்தை தானே சட்டை போட்டுக்கொள்ளக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; நாம் போட்டுவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே நாமே போட்டுவிடுகிறோம், நாமே ஊட்டிவிடுகிறோம், நாமே காலணியை மாட்டிவிடுகிறோம். அன்பினாலும் அவசரத்தாலும் செய்யப்படும் இவ்வுதவி நாள்தோறும் தொடரும்போது, ‘இது என்னால் ஆகாது, வேறொருவர் செய்யவேண்டியது’ என்ற பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. பின்னர் ஐந்து வயதில் அது தானாகச் செய்யவில்லையே என்று நாம் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

இப்பிரச்சினையை ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றிப் படிக்கட்டுகளில் திரிந்த குழந்தைகளே அங்குச் சேர்ந்தனர். எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னதாக அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி, கை கழுவுவது, தலை சீவுவது, பொத்தான் போடுவது, தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, நாற்காலியை ஓசையின்றி நகர்த்துவது போன்றவையே.

ஒருநாள் அம்மையார் அக்குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று கற்பித்தார். கைக்குட்டையை மடித்துப் பிடிப்பதையும், பிறர் கவனம் கவராதபடி மெதுவாகத் துடைப்பதையும் நிதானமாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முடிந்ததும் பலமாகக் கைதட்டினார்கள். அவர் வியப்படைந்து, பின்னர் காரணத்தை உணர்ந்தார். மூக்கு ஒழுகுவதற்காக அக்குழந்தைகளை எல்லோரும் ஏசியிருந்தார்கள். அதை எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் பொறுமையாகக் காட்டியதில்லை. நம் வீடுகளிலும் ‘சிந்தாதே’, ‘கொட்டாதே’, ‘சரியாகச் சாப்பிடு’ என்னும் கட்டளைகள் ஏராளம். சிந்தாமல் ஊற்றுவது எவ்வாறு என்று செய்து காட்டும் நேரமோ மிகச் சிறிது.

மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. பிரம்மஞான சங்கத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று அவர் 1939-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கு நடந்த முதற் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் கலந்துகொண்டனர். உலகப்போர் காரணமாக அவர் தாயகம் திரும்ப இயலவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பல வயதுக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளியை நடத்தினார். சென்னை மயிலாப்பூரில் 1937-ஆம் ஆண்டு வி. என். சர்மாவும் எல்லன் சர்மாவும் தொடங்கிய ‘சில்ட்ரன்ஸ் கார்டன்’ பள்ளி, அவர் வருவதற்கு முன்பே நம்மிடையே குழந்தைக் கல்வியில் நாட்டம் இருந்ததற்குச் சான்றாகும்.

வட நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. குஜராத்தில் பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920-ஆம் ஆண்டில் பால மந்திரம் ஒன்றை நிறுவினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்துப் போர்டி என்னும் ஊரில் கிராமக் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்கள் வாழும் முற்றத்துக்கே சென்று கற்பிக்கலாம் என்பது அவர் கண்ட வழி. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கண்’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததே இன்று நாம் நன்கறிந்த ‘அங்கன்வாடி’. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினரும் தத்தம் பகுதியிலுள்ள அங்கன்வாடியை நாடலாம்.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடியவற்றை ஆராய்வோம். முதலாவது, இடத்தைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கிவைத்தல். நம் வீட்டில் எல்லாப் பொருள்களும் பெரியவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளன. குழாய் எட்டாதபோது கை கழுவு என்று சொல்வதால் பயன் இல்லை. கைகழுவும் தொட்டியின் அருகில் ஆடாத ஒரு கால்மணையை இடுங்கள். சுவரில் தாழ்வாக ஓர் ஆணியடித்து அதன் துண்டை மாட்டுங்கள். அதற்கென ஒரு சிறு டம்ளர், ஒரு விளிம்புத் தட்டு, காலணி வைக்க ஒரு மூலை ஆகியவற்றை ஒதுக்குங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வாடகை வீட்டிலும் இயலும்.

இரண்டாவது, காட்டும் முறை. ஒரு செயலை நாம் விரைவாகச் செய்யும்போது அதிலடங்கிய சிறு சிறு அசைவுகள் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இது பழகிய ஒன்றாகத் தோன்றுகிறது. மூலத்திலுள்ள நீண்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துவைத்தால் வாசிப்பவருக்கு விளங்காது; பிரித்து, வரிசைப்படுத்தி, அவருடைய நடையில் தரவேண்டும். அதுபோலவே நம் வேகமான செயலையும் குழந்தையின் நடைக்கு மாற்றித் தருவது நம் கடமை. செய்து காட்டும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வது நலம். கையைப் பார்ப்பதா, வாயைக் கேட்பதா என்று குழந்தை திகைக்கலாகாது. இப்பாடத்தைக் காலை அவசரத்தில் தொடங்காமல் ஓய்வான மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தொடங்குக.

மூன்றாவது, கடைசிப் படியை முதலில் விட்டுக்கொடுத்தல். கால்சட்டை அணிவதில் ஐந்தாறு படிகள் உள்ளன. தொடக்கத்தில் முழங்கால் வரை நாமே மாட்டிவிட்டு, இடுப்புக்கு இழுத்துக்கொள்வதை மட்டும் குழந்தையிடம் விடலாம். அது கைவந்தபின் அதற்கு முந்திய படியையும் விடலாம். இவ்வாறு பின்னாலிருந்து முன்னோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி குழந்தைக்கே கிட்டுகிறது. முதற் படியிலேயே சிக்கி அழும் நிலை ஏற்படுவதில்லை.

இம்முறைகளை உணவுக்குப் பொருத்திப் பார்ப்போம். கையால் உண்பது எளிதென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஐந்து விரல்களும் ஒத்துழைக்க வேண்டிய நுட்பமான கலை. இட்லித் துண்டை எடுத்து வாயில் வைப்பது முதற் படி. குழைந்த தயிர்ச் சாதத்தை அள்ளுவது அடுத்தது. சாம்பார்ச் சாதத்தைப் பிசைந்து உருட்டுவது அதனினும் கடினம். தோசையை ஒரே கையால் அழுத்திப் பிடித்துக் கிழிப்பதற்கு விரல்களில் நல்ல வலு வேண்டும். ரசச் சாதத்தை ஒழுகாமல் உண்பது பெரியவர்களுக்கே சோதனை. இவ்வரிசையை மனத்தில் கொண்டு எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. குழந்தை முதலில் தானே உண்ணட்டும். வயிறு நிறையவில்லை எனில் இறுதியில் நாலு கவளம் நாம் ஊட்டுவதில் தவறில்லை. கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் சிந்துவதைப் பற்றிய கவலையும் நீங்கும்.

கைப்பேசியைக் காட்டி ஊட்டும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூறவேண்டியுள்ளது. படத்தில் ஆழ்ந்த குழந்தைக்கு உணவின் சுவையும் வயிற்றின் நிறைவும் தெரிவதில்லை, கைக்கும் வேலையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை காட்டுதலே கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது. 3, 4 வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்றும் அது கூறுகிறது. முன்னிரவில் உறங்கும் குழந்தையே காலையில் தானே சட்டை போட்டுக்கொள்ளும் பொறுமையுடன் எழும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை பெங்களூரின் குளிரே நமக்கு ஓர் ஆசிரியன். மார்கழி, தை மாதங்களில் இவ்வூரில் கம்பளிச் சட்டை இன்றிக் குழந்தைகளை வெளியே அனுப்ப இயலாது. தலைவழியாக மாட்டுவதைவிட முன்புறம் பெரிய பொத்தான் உள்ள சட்டையே பயிற்சிக்கு ஏற்றது. அதைத் தரையில் விரித்து, அல்லது ஒரு தலையணைக்கு மாட்டி, பொத்தானைத் துளையில் நுழைக்கப் பழக்கலாம். மூன்று, நான்கு வயதில் பெரிய பொத்தான்கள் கைவரும். காலணியின் நாடாவை முடிவதற்கு ஐந்து, ஆறு வயது ஆகலாம். அதுவரை ஒட்டும் பட்டை வைத்த காலணி போதும்.

கழிப்பறைப் பழக்கத்தில் பெற்றோர் அடையும் மனக்கலக்கம் மிகுதி. நம் பாட்டிமார் கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின்மீது குழந்தையை உட்காரவைத்துப் பழக்கினார்கள். இன்று உறிஞ்சும் துணி வந்தபின் ஈரத்தின் உணர்வே குழந்தைக்குத் தெரியாமற் போகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே இப்பயிற்சிக்கு ஆயத்தமாகின்றன. ஓரிரு மணி நேரம் உடை நனையாதிருத்தல், போகும் குறிப்பை முகத்தாலோ சொல்லாலோ காட்டுதல், தானே உட்கார்ந்து எழுதல் ஆகியவை அதற்கு அடையாளங்கள். அவை தோன்றியபின், எழுந்தவுடனும் உணவுக்குப் பின்னும் ஒரே வேளையில் சில நிமிஷம் உட்காரவைத்துப் பழக்குக. பகலில் பழகிய குழந்தை இரவில் படுக்கையை நனைப்பது ஐந்து வயது வரை மிகவும் சாதாரணம். அதற்காகப் பிறர் முன்னிலையில் நாணச் செய்வது கொடுமை, பயனும் தராது.

கை கழுவுவதற்குச் சோப்பிட்டு 20 வினாடி தேய்க்கவேண்டும். வினாடியைக் குழந்தை அறியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழிலேயே இருபது வரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். கையும் தூய்மையாகும், எண்ணும் நினைவில் நிற்கும். பல் துலக்கும் பசை மூன்று வயதுக்குட்பட்டவர்க்கு ஓர் அரிசி மணியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். குழந்தை துலக்கியபின் ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருமுறை துலக்கிவிடுதல் வேண்டும். தேய்க்கும்போது குழாயை மூடும் பழக்கமும் உடன் வரட்டும். பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து உயரமான இம்மேட்டுநிலத்துக்கு ஏற்றப்பட்டு வருகிறது. 1974-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டம் பலமுறை விரிவாக்கப்பட்டும், 2024-ஆம் ஆண்டின் கோடையில் நகரம் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு ஆளானது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: நீர் நிறைந்த வாளியின் அருகிலோ, வெந்நீர் வரும் குழாயின் அருகிலோ சிறு குழந்தையைத் தனியே விடலாகாது.

வீட்டு வேலையில் பங்கு கொடுப்பதும் பயிற்சியே. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் அவரைக்காய் வந்து குவியும். நாம் மொச்சை என்போமே, அந்த இனம். கன்னட வீடுகளில் அதன் விதையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் சமைக்கிறார்கள். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் அதுவே பிதுக்குப் பருப்பு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு விதையை வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி வெளிவரும். நான்கு வயதுக் குழந்தைக்கு இதைக் காட்டிலும் இன்பமான விளையாட்டு வேறில்லை. பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கப்போகும் அதே விரல்களுக்கு இது நல்ல பயிற்சி. மிகச் சிறு குழந்தைகள் விதையை விழுங்கவோ மூக்கில் இட்டுக்கொள்ளவோ கூடும் ஆதலால் உடனிருந்து கவனித்தல் அவசியம். ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடின்றி இருவரையும் இவ்வேலைக்கு அழைக்கவேண்டும். தந்தையும் உடனமர்ந்து பிதுக்கினால் சொல்லாமலே பல பாடங்கள் நிறைவேறும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதனால் வரும் பெரும்பயன் ஒன்று உண்டு, அது மொழி. துணியைத் துவைக்கிறோம், அரிசியைக் களைகிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், கையைக் கழுவுகிறோம், காலை அலம்புகிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ‘வாஷ்’ என்னும் ஒரே சொல் போதுமானது. புடைத்தல், பிழிதல், உதறுதல், ஆய்தல், உரித்தல், அவிழ்த்தல் போன்ற சொற்களைப் பாடப்புத்தகம் கற்பிக்க இயலாது. அவை கையின் வழியாகவே நாவுக்கு வருகின்றன. பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் கன்னடமும் கேட்டு வளரும் நம் குழந்தைக்குத் தமிழ் மிஞ்சும் இடம் வீடுதான். வீட்டு வேலையிலிருந்து அதை விலக்கிவைத்தால் அச்சொற்களிலிருந்தும் விலக்கிவைக்கிறோம். உதவிக்கு வரும் அம்மையார் கன்னடத்தில் பேசினால் அதையும் வரவேற்போம். இளங்குழந்தை இரண்டு மூன்று மொழிகளை ஒருங்கே ஏற்கும் ஆற்றலுடையது.

பழக்கம் நிலைக்க வேண்டுமாயின் வீட்டிலுள்ளவர் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளவேண்டும். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து தங்கும்போது, பேரன் மீதுள்ள ஆசையால் எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவது இயல்பு. அதை மறுத்துப் பேசி அவர்கள் மனத்தை நோகச் செய்வதைவிட, ‘அம்மா, அவனுக்குப் பொத்தான் போட நீங்கள்தான் சொல்லித் தரவேண்டும்’ என்று அப்பொறுப்பையே ஒப்படைத்தல் நன்று. இனிப்பையும் கைப்பேசியையும் கைக்கூலியாகக் காட்டலாகாது. கூலி நின்றால் பழக்கமும் நின்றுவிடும். ‘காலணியை நீயே மூலையில் வைத்துவிட்டாய்’ என்று செய்ததை எடுத்துச் சொல்வதே போதிய பாராட்டு. இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டினால் உடனே திருத்த வேண்டா. மறுநாள் மீண்டும் ஒருமுறை செய்து காட்டுக.

குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் செய்வதை நம் பிள்ளை நான்கில் செய்யலாம். எனினும், முன்பு கற்றவற்றை இழந்துவருதல், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருத்தல், ஒரு கையை முற்றும் பயன்படுத்தாதிருத்தல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது குழந்தை மருத்துவரை நாடவேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகள் மனநலத்துக்கெனத் தனித் துறை உண்டு. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் மேற்சொன்ன படிமுறையே ஏற்றது. படிகளை இன்னும் சிறியனவாக்கி, காலத்தை நீட்டித்துக்கொள்ளவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முயல்வது வீண். ஒரு பழக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குரிய இடத்தை ஒழுங்குபடுத்தி, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நிதானமாகச் செய்து காட்டுங்கள். மறுநாள் முதல் காலையில் பதினைந்து நிமிஷம் முன்னதாகக் குழந்தையை எழுப்புங்கள். அது கைவந்தபின் அடுத்த பழக்கத்துக்குச் செல்லலாம். அந்தப் பதினைந்து நிமிஷமும் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பதே பெற்றோர் கற்கவேண்டிய பழக்கம்.